நகரத்துத் தோட்டம் யாருடைய காணி?

தோட்டம் என்னும் சொல் நம் நாட்டில் இடத்துக்கு இடம் வேறு பொருளைத் தாங்கி நிற்கின்றது. யாழ்ப்பாணத்தவர்க்கு அது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் நிலம். மலையகத்தவர்க்கு அது தேயிலை. லயத்தின் பின்புறத்தே தொழிலாளி இடும் மரக்கறிப் பாத்திகூட அங்கே அவனுக்குரியதன்று. கொழும்பிலோ ‘வத்த’ என முடியும் பெயருடைய நெருக்கமான குடியிருப்புகள் பலவற்றில், தோட்டம் பெயரளவிலேயே எஞ்சியுள்ளது.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், தட்டுப்பாடு நாட்டை வாட்டிய வேளையில், அரசாங்க உத்தியோகத்தர் வீட்டில் பயிரிடுவதற்கென மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. நாள் கிடைத்தது; நிலம்? மாடிக் குடியிருப்பின் ஐந்தாந் தட்டில் வாழ்பவர் எதனைக் கொத்துவார்? அயலவர் கூடிப் பொதுக் காணியொன்றில் பயிரிடலாம் என்பர். நன்று. அந்தக் காணி எத்துணை நாள் அவர்கள் கையில் இருக்கும் என்பதே நாம் கேட்க விரும்புவது.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்தது இவ்விடத்தே நினைக்கத்தக்கது. அந்நகரின் தென்மத்திய பகுதியில் ஏறத்தாழ 14 ஏக்கர் காணியை, குப்பை எரிக்கும் ஆலையொன்றுக்கென 1986இல் நகராட்சி சுவீகரித்தது. அயலவர் திரண்டெழுந்து ஆலையைத் தடுத்தனர். 1992இல் மூண்ட கலவரத்தின் பின், வெறுமையாய்க் கிடந்த அந்நிலம் உணவு வங்கியொன்றின் பொறுப்பில் பயிர்ச்செய்கைக்கு விடப்பட்டது. மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து குடியேறிய சுமார் 350 குடும்பங்கள் அதனைத் துண்டு துண்டாகப் பகிர்ந்து, சோளமும் கரும்பும் மூலிகைகளும், அவர்கள் கறியாக்கி உண்ணும் நாகதாளியும் வளர்த்தன. பண்டகசாலைகளின் நடுவே ஒரு கிராமமே முளைத்தது எனலாம்.

2003இல் நகராட்சி அக்காணியை, முன்னைய உரிமையாளருள் ஒருவருக்கு ஏறத்தாழ 50 இலட்சம் டொலருக்கு மீள விற்றது. பயிரிட்டோர் வழக்காடினர், தோற்றனர். தாமே வாங்க முன்வந்தபோது அவர்களிடம் கேட்கப்பட்ட விலை 160 இலட்சம் டொலருக்கும் மேல். 2006 ஜூன் 13ஆம் நாள் பொலிசார் அவர்களை வெளியேற்றினர். பாத்திகள்மீது புல்டோசர் ஏறியது. இத்தனைக்கும் பின் அந்நிலம் பல்லாண்டுகள் வெறுமையாகவே கிடந்தது! இக்கதையைக் கூறும் ‘த கார்டன்’ என்னும் விவரணப் படம் 2008இல் வெளிவந்து, ஒஸ்கார் விருதுக்கான தெரிவுப் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்பெருமையால் அக்குடும்பங்களுக்கு ஆனதொன்றில்லை.

அவர்களிடம் இருந்தது அனுமதி, உரிமையன்று. இங்கிலாந்தில் நிலைமை வேறு. சிறு பயிர்த்துண்டுகளுக்கு ஊரவரிடையே வேட்கை இருப்பின் உள்ளூராட்சி சபை அவற்றை அமைத்துக் கொடுத்தல் கடமையென 1908ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வாறு ஒதுக்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி விற்கலாகாதென 1925ஆம் ஆண்டுச் சட்டம் வேலியிட்டது.

காணி நிலைக்குமா என்னும் ஐயம் பயிரையே மாற்றிவிடும். பாடசாலைத் தோட்டம் நடத்திய ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். அடுத்த மாதம் எழுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுபவன் கீரை விதைப்பான், மாங்கன்று நடமாட்டான். மண்ணுக்கு எருவிட்டு வளம் சேர்க்கவும் அவனுக்கு மனம் வராது.

ஆதலால் நம் மாநகர சபைகளும் நகர சபைகளும், தம் எல்லைக்குள் பயனின்றிக் கிடக்கும் பொதுக் காணிகளின் பட்டியலை வெளியிடுக. அயலவர் சங்கமாய்க் கூடிக் கேட்பின், குறைந்தது ஐந்தாண்டுக்கேனும் எழுத்துமூலம் குத்தகை வழங்குக. இடையில் அந்நிலம் வேறொன்றுக்கு வேண்டப்படின், ஈடான மாற்று நிலம் காட்டிய பின்னரே எடுக்கலாம் என்பதும் அவ்வெழுத்தில் இருத்தல் வேண்டும். தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே எழுதிவிடுவது நன்று. அயலவரிடையே பிணக்கு பெரும்பாலும் குழாயடியிலேதான் தொடங்குகின்றது.