கண்ணுக்குத் தெரியாத கறை

1938-இல் ஃபிரெட் ஸின்னமன் இயக்கி, ஆஸ்கர் விருது பெற்ற 'தட் மதர்ஸ் மைட் லிவ்' என்னும் குறும்படம், ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸின் வாழ்வைச் சொல்கிறது. நம் சமுதாயத்தார் ஒருமுறையேனும் அதைக் காண வேண்டும்.

வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. 1846-இல் மருத்துவர்களும் மாணவர்களும் பணியாற்றிய பிரிவில் தாய்மார் நூற்றுக்கு 11 பேர் இறந்தனர். மருத்துவச்சிகளின் பிரிவில் மூவருக்கும் குறைவே. பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளுடனேயே மருத்துவர்கள் பிரசவம் பார்த்தனர் என்பதை உணர்ந்த செம்மல்வைஸ், 1847 மே மாதம் முதல் குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. ஆயினும், தங்கள் கைகளே மரணத்தைச் சுமந்தன என்பதை மூத்த மருத்துவர் பலர் ஏற்கவில்லை. 1865-இல், 47-ஆம் வயதில், அவர் மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

"இதை இஸ்லாம் அன்றே சொல்லிவிட்டது" என்று நாம் பெருமிதம் கொள்ளலாம். துயில் எழுந்தவர் கைகளைக் கழுவாமல் பாத்திரத்தில் இடலாகாது, இரவில் கை எங்கிருந்தது என்பதை அவர் அறியார் என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது உண்மையே. ஆனால் அப்பெருமிதம் செயலுக்கு ஈடாகுமா?

ஆரணியில் சாயம் தோய்ந்த கையோடு எவரும் வெண்பட்டைத் தொடுவதில்லை. அந்தக் கறை கண்ணுக்குத் தெரியும். பிரசவ வார்டிலோ, வண்டியையும் கைப்பேசியையும் பிடித்த கையோடு பச்சிளங்குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிறோம். செவிலியர் தடுத்தால், "நாங்கள் ஐவேளையும் ஒளூச் செய்பவர்கள்" என்று மனம் சுளிக்கிறோம். ஒளூ தொழுகைக்கான தூய்மை. அதன்பின் கையில் ஏறும் கிருமிக்குச் சோப்பு வேண்டும்.

உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். வியன்னாவில் தாய்மாரைக் காவு கொண்டதில் அதற்கும் பங்குண்டு. கைகழுவச் சொல்லும் செவிலியர் வயதில் இளையவராயினும், பிற சமயத்தவராயினும், அவர் சொல்வது உண்மை. ஏற்பதே ஈமானுக்கு அழகு.

பள்ளிவாசல் ஒளூத் தொட்டியருகே சோப்பு வைப்போம். ஜும்ஆ உரையில் இதைப் பேசுவோம். தாயும் சேயும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள்.