ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்!

வைஃபை கோடு முழுசா காட்டுது, நெட் வரலை. அந்தக் கோடு நம்ம ரவுட்டர் வரைக்கும்தான் சாட்சி. கஸ்டமர் கேர்ல கேட்டா ஒரே மந்திரம்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

எங்க திருப்பூர்ல நிட்டிங் மெஷின்ல நூல் அறுந்தா, மெஷின் தானா நின்னு லைட் எரியும். ஆபரேட்டர் எந்த நூல்னு பார்த்து முடிச்சுப் போடுவாரு. சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாராங்க?

நெட்டும் அப்படித்தான். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பா எரிஞ்சா ஃபைபர்ல சிக்னல் வரலை. கம்ப்யூட்டர் ஐபி 169.254னு ஆரம்பிச்சா ரவுட்டர்கிட்ட இருந்து முகவரி கிடைக்கலை. 8.8.8.8க்கு பிங் போயும் தளம் திறக்கலைன்னா டிஎன்எஸ்ஸைப் பாருங்க.

மூணே கேள்வி! அதைக் கேட்காம ரீஸ்டார்ட் சொல்றது வைத்தியமில்லை, தட்டிக்கழிப்பு. ராத்திரி பையருக்கு மெயில் அனுப்ப உக்காந்திருக்கற மெர்ச்சண்டைசருக்கு யாருங்க பதில் சொல்றது?