வெள்ளை என்றால் உண்மை என்று யார் சொன்னது?

"வெள்ளை அறிக்கை வெளியிடு!" நாகமலை புதுக்கோட்டையில் தேனி சாலையோரச் சுவர்களில் இந்த மூன்று சொற்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். சுவரொட்டியின் நிறமும் அமைப்பின் பெயரும் மாறும், கோரிக்கை மட்டும் மாறாது. பஞ்சமி நிலம் குறித்து, நிரப்பப்படாத பின்னடைவுக் காலிப் பணியிடங்கள் குறித்து, துணைத்திட்ட நிதி குறித்து வெள்ளை அறிக்கை. இவற்றில் எந்தப் பிரச்சினையும் பொய்யில்லை. ஆனால் நாம் கேட்கும் பொருள் என்ன என்று தெரிந்துதான் கேட்கிறோமா?

தமிழில் வெள்ளை என்றாலே ஒரு மரியாதை இருக்கிறது. கள்ளமில்லாதவரை 'வெள்ளை மனசு' என்கிறோம், 'வெள்ளந்தி' என்கிறோம். அதனால் வெள்ளை அறிக்கை என்றதும், அரசு தன் நெஞ்சைத் திறந்து காட்டும் ஆவணம் என்று காது தானாகவே பொருள் எடுத்துக்கொள்கிறது. பெயர் வந்த கதையோ வேறு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தடித்த அறிக்கைகளுக்கு நீல அட்டை போடுவார்கள், அது நீலப் புத்தகம். நீல அட்டை போடுமளவுக்குத் தடிமன் இல்லாத சிறிய ஆவணம் வெள்ளைத் தாளோடு வரும், அது வெள்ளை அறிக்கை. உள்ளே இருப்பது உண்மையா பொய்யா என்பதற்கும் இந்த நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1922இல் காலனி நாடுகளின் அமைச்சராக இருந்த சர்ச்சிலின் பெயரால் வந்த பாலஸ்தீன அறிக்கையைத்தான் தொடக்க கால வெள்ளை அறிக்கைகளில் புகழ்பெற்றதாகச் சொல்வார்கள். அடுத்தவர் மண்ணில் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு பேரரசு எழுதிய கொள்கை விளக்கம் அது. அதை உண்மையின் நிறம் என்று சொல்ல முடியுமா?

1967இல் பிரிட்டனில் பச்சை அறிக்கை என்று ஒன்று வந்தது. இன்னும் முடிவெடுக்கவில்லை, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று மக்கள் முன் வைப்பது பச்சை. முடிவெடுத்துவிட்டோம், இதுதான் எங்கள் நிலைப்பாடு என்று சொல்வது வெள்ளை. தோழர்களே, இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது, நம்மைக் கேட்காமல் எழுதப்படும் ஆவணத்தை!

நம் நாட்டில் வெள்ளை அறிக்கை எப்போது வருகிறது என்று பாருங்கள். 2001இல் ஆட்சிக்கு வந்த அதிமுக, மாநில நிதிநிலை பற்றி வெளியிட்டது. குற்றவாளி, முந்தைய திமுக ஆட்சி. 2021 ஆகஸ்ட் 9 அன்று, ஆட்சிக்கு வந்த திமுகவின் நிதியமைச்சர், எங்கள் மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்டார். குற்றவாளி, முந்தைய பத்தாண்டு அதிமுக ஆட்சி. 2024 பிப்ரவரியில், மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் வைத்தார். குற்றவாளி, பத்தாண்டுக்கு முன் போன காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. மூன்றிலும் எழுதியவர் வேறு, கட்சி வேறு. இலக்கணம் ஒன்றுதான்: எனக்கு முன்னால் இருந்தவன் கெடுத்துவிட்டான்.

இப்போது பஞ்சமி நிலத்துக்கு வாருங்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டவர்கள் மீது செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

இந்த நிலம் எந்த ஆட்சியில் பறிபோனது? எல்லா ஆட்சியிலும். பத்திரப் பதிவு நடந்ததும் பட்டா மாறியதும் வெள்ளைக்காரன் காலத்தில், காங்கிரஸ் காலத்தில், இரண்டு திராவிடக் கட்சிகளின் காலத்தில். பழி போட ஒரு 'முந்தைய ஆட்சி' இதில் தனியாகக் கிடைக்காது. சாதிக்கு ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் கிடையாது. சுவரொட்டிகள் மங்கியும் அறிக்கை வராததன் காரணம் இதுதான்.

கணக்குப் போடத் தெரியாத அரசா இது? 2021 வெள்ளை அறிக்கை, தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. கடைசி ஆறு ரூபாய் வரை! குடிசையில் இருப்பவர் தலைக்கும் சேர்த்துக் கடனைப் பிரித்துக் காட்டத் தெரிந்த அரசுக்கு, அதே குடிசைக்காரரின் பாட்டனுக்குக் கொடுத்த நிலத்தின் சர்வே எண்ணைச் சொல்ல மட்டும் கை வரவில்லை.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. 2024இல் நிர்மலாவின் அறிக்கைக்குப் பதிலாகக் காங்கிரஸ் அதே நாளில் வெளியிட்டதற்குப் பெயர் 'கருப்பு அறிக்கை'. ஆளுங்கட்சி தன்னை வெள்ளை என்றது. எதிர்க்கட்சி அதன் பத்தாண்டு அநியாயத்தைச் சொல்லக் கருப்பை எடுத்தது. இருவருக்குமே கருப்பு என்றால் கேடு. ஆனால் மதுரைக்குக் கருப்பின் வேறு பொருள் தெரியும். 1946 மே மாதம் வைகை ஆற்று மணலில் கருஞ்சட்டைப் படை மாநாடு நடந்தபோது பந்தலைக் கொளுத்தினார்கள். அந்தச் சட்டையின் கருப்பு, நம்மீது சுமத்தப்பட்ட இழிவை நினைவூட்டும் நிறம். வெள்ளையை உண்மைக்கும் கருப்பைக் குற்றத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் மொழியை நாமும் கேள்வி கேட்காமல் பேசலாமா?

"ஏதோ ஒரு அறிக்கை வந்தால் பிடித்துப் பேச ஒரு பிடியாவது கிடைக்குமே" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அண்ணல் அம்பேத்கர் அதற்கு வழிகாட்டியிருக்கிறார். 1933 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு, இந்திய அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அதை ஆராய நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தபோது, இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராக அம்பேத்கர் அங்கே உட்கார்ந்தார். வெள்ளை அறிக்கையின் பயன் அங்கேதான் இருக்கிறது. அது குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய வாக்குமூலம். எழுதியவரைக் கேள்வி கேட்க நம் ஆள் மேசையில் இருந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. இன்று நமக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை, அறிக்கையை மட்டும் கேட்கிறோம்.

எங்கள் பகுதியில் தேனி சாலையின் இரு பக்கமும் புஞ்சைகள் பிளாட்டாகிக்கொண்டிருக்கின்றன. ஓர் அலுவலகத்தில் நிபந்தனைப் பட்டா நிலங்களின் பட்டியலைக் கேட்டேன். அப்படித் தனியாகத் தொகுத்து வைக்கவில்லை என்று பதில் வந்தது. தொகுக்காத தகவலைக் கேட்க முடியாது, கேட்க முடியாததைத் தொகுக்கவும் மாட்டார்கள். இந்தப் பூட்டை, சென்னையில் அச்சாகும் ஐம்பது பக்கப் புத்தகம் திறக்காது.

ஆகவே முழக்கத்தை மாற்றுவோம். வட்டம் வட்டமாக, ஊர் ஊராக, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் இன்றைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டியல் வேண்டும். சர்வே எண், பரப்பு, முதலில் யாருக்குக் கொடுத்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்ற நான்கு கட்டம் போதும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், நான்காம் பிரிவில், யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிடும் கடமையை அரசு அலுவலகங்களுக்கு விதித்திருக்கிறது. அந்தப் பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், கிராம சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். நிலம் இழந்த குடும்பங்கள் எழுந்து நின்று "இது எங்கள் தாத்தா நிலம்" என்று சொல்லவும், அதைப் பதிவு செய்யவும் வழி வேண்டும். துணைத்திட்ட நிதிக்கும் இதே முறைதான். 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. இனி எந்தத் துறை எவ்வளவு வாங்கியது, எந்தக் காலனியில் என்ன கட்டியது என்று அந்தக் காலனிக்காரர்களே சரிபார்க்க வேண்டும்.

அந்தப் பட்டியல் எந்த நிறத் தாளில் வந்தாலும் சரி, மஞ்சள் பிடித்த பழுப்புத் தாளானாலும் சரி. அதில் சர்வே எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.