சிங்கமும் சிலுவையும் முட்செடியும்

ஒரு நாட்டாரின் உள்ளத்தை அறிய விரும்புவார் அந்நாட்டுக் கொடிகளை நோக்குதல் நன்று. ஸ்காட்லாந்து சிறிய தேசமேயாயினும், அதன் சின்னங்கள் நமக்குப் புகட்டும் பாடம் பெரிது. அவற்றுள் ஒன்று அரசனுக்குரியது, ஒன்று குடிகளுக்குரியது, மற்றொன்று திருச்சபைக்குரியது.

முதலாவது, பொன்னிறத் துகிலிற் பின்காலூன்றி எழும் செஞ்சிங்கம். 1222ஆம் ஆண்டில் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னனது முத்திரையில் அச்சிங்கம் காணப்படுகின்றது. அக்கொடி இன்றும் மன்னருக்கும் அவர்தம் பிரதிநிதிகள் சிலருக்குமே உரியது. குலச்சின்னங்களைக் காத்தற்கென்றே லார்டு லையன் என்னும் அதிகாரி ஒருவரும், அவரது நீதிமன்றமும் அங்கே உண்டு. 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சின்னம் தரிப்போர் அவருடைய பதிவேட்டிற் பதிந்துகொள்ளல் வேண்டும். உரிமையின்றித் தரித்தல் குற்றமாம். குடிகள் தம் இராஜவிசுவாசத்தைக் காட்டச் சிங்கக்கொடியைச் சிறு கைக்கொடியாக அசைத்தற்கும், 1934இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இசைவு வேண்டியிருந்தது.

இரண்டாவது, நீலத் துகிலிற் குறுக்காகக் கிடக்கும் வெண்சிலுவை. அந்திரேயா அப்போஸ்தலர் இவ்வடிவச் சிலுவையில் உயிர்நீத்தார் என்பது மரபு. 1385இல் படைவீரர் இதனை அணியவேண்டுமென்று பாராளுமன்றம் விதித்தது. இன்றோ இதனை ஏற்ற எக்குடிமகனும் எவரிடத்தும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. முதலாம் சார்லஸ் மன்னன் 1637இல் வழிபாட்டு நூலொன்றை மக்கள்மேற் சுமத்த முயன்றபோது, அவர்கள் 1638இல் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டு எதிர்த்து நின்றனர். அவ்வுடன்படிக்கையாளர் பின்னர் உயர்த்திய கொடிகள் பலவற்றில் இச்சிலுவையே விளங்கிற்று. அவர்களும் பிறரை வருத்தியதுண்டு. ஆயினும் தம் மனச்சான்றின் பொருட்டு உயிரையும் பொருளையும் இழந்தார் பலர்.

மூன்றாவது, எரிந்தும் வெந்துபோகாத முட்செடி. மோசே ஓரேபில் கண்ட காட்சியே இஃது. 1653இல் படைவீரராற் கலைக்கப்பட்ட திருச்சபைப் பொதுப்பேரவை, 1690 வரை கூடவே இயலவில்லை. மீண்டும் கூடிய அப்பேரவையின் சட்டங்களை 1691இல் அச்சிட்ட ஜார்ஜ் மாஸ்மன் என்பவர், முகப்பில் முட்செடியைப் பொறித்தார். முப்பத்தேழாண்டு துன்பத் தீயிற் கிடந்தும் அழியாத சபைக்கு இதனினும் பொருத்தமான சின்னம் யாது? அச்சுக்கூடத்திற் பிறந்த அதுவே சபையின் சின்னமாக நிலைபெற்றது.

நிற்க. சின்னத்தைக் காக்கச் சட்டமே வேண்டா என்பது எம் கருத்தன்று. காவலற்ற சின்னம் கடைச்சரக்காய் இழிவுறும் என்று கூறுவாரும் உளர், அதில் உண்மையுண்டு. ஆயினும், சட்டம் காக்கவல்லது சின்னத்தின் வடிவையே; அதன் பொருளைக் காப்பது அதனைத் தரித்தாரின் வாழ்க்கையே. சிங்கத்தைக் காக்க நீதிமன்றம் உண்டு. முட்செடியின் பொருளையோ, தீயினின்று ஓடாத மக்களே காத்தனர்.

மாணவ நண்பர்களே! நம் சட்டையிலும் கல்லூரிச் சின்னம் ஒன்று தைக்கப்பட்டுள்ளது. அதனை விலைகொடுத்து வாங்குதல் எளிது. தேர்வுக்கூடத்திற் பொய்க்கு இடங்கொடாமையும், விளையாட்டுக்களத்திற் தோல்வியைப் பண்புடன் ஏற்றலும், எளியார்க்கு இரங்குதலுமே அதற்கு நாம் செலுத்தவேண்டிய உண்மை விலையாகும். அவ்விலையைச் செலுத்தாதார் மார்பில் அது வெறும் நூல்வேலையன்றோ?