நோயின் எல்லை அறிதல்

குழந்தைகளின் எலும்பில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி இத்திங்கள் எழுத முற்படுகிறோம். அரிதான நோயே, ஆயினும் அது வந்த வீட்டில் முதற் சில வாரங்களில் செய்யும் முடிவுகளைப் பொறுத்தே பின்னர் வருவன பலவும் அமைகின்றன.

இவ்வகை நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஆஸ்டியோசார்கோமா. வளரும் பருவத்தில், பெரும்பாலும் முழங்காலை அடுத்த எலும்பு முனைகளில் அது தோன்றும். விளையாட்டில் பட்ட அடியென்று எண்ணி, எண்ணெய் தேய்த்தும் கட்டுப் போட்டும் நாட்களைக் கழித்துவிடுகிறோம். வாரக் கணக்கில் நீடித்து உறக்கத்தைக் கெடுக்கும் வலியும் வீக்கமும் காணின், எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தலே அறிவுடைமை.

நோயென்று ஐயுற்றபின் சோதனைகள் தொடரும். “உடனே அறுத்தெடுத்துவிடலாகாதா? ஏன் இத்தனை நாள்?” என்று பெற்றோர் தவிப்பது இயல்பே. ஆனால் நோயின் எல்லையை அறியாமல் சிகிச்சையை வகுத்தல் இயலாது. எம்.ஆர்.ஐ. படம் அந்த எலும்பு முழுவதையும் அடுத்த மூட்டையும் காட்டும். இந்நோய் பரவுமாயின் பெரும்பாலும் நுரையீரலையே முதலில் நாடும். ஆதலின் மார்புக்கு ஸி.டி. ஸ்கான் எடுக்கின்றனர். பிற எலும்புகளை அறிய வேறொரு ஸ்கான் உண்டு. பின்னரே பயாப்ஸி. ஊசி சென்ற வழியையும் பிறகு அறுவையில் நீக்க வேண்டியிருக்கலாம். எனவே அறுவை செய்யப்போகும் நிபுணரே, அல்லது அவரைக் கலந்துகொண்டவரே, அதனைச் செய்தல் வேண்டும். இடம் தவறின், காலைக் காக்கும் வாய்ப்பே குன்றக்கூடும்.

நோய் ஓரிடத்தில் நின்றிருப்பின், முழுச் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ மூவரில் இருவர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். பரவியிருப்பின் அவ்வாய்ப்பு பாதிக்கும் கீழாகும். எனினும் நுரையீரலில் கண்டவற்றையும் அகற்றிக் குணமடைந்தோர் உளர்.

படத்தில் ஒன்றும் புலப்படாவிடினும் கண்ணுக்கெட்டா நோய்த் துகள்கள் உடலில் இருத்தல் கூடும். 1970களில் புற்றுநோய் மருந்துகள் வழக்கிற்கு வருமுன், காலை நீக்கிய பின்னும் பெரும்பாலோர்க்கு நுரையீரலில் நோய் தோன்றியது. ஆதலின் இன்று பெரும்பாலும் முதலில் மருந்து, பின்னரே அறுவை.

மும்பையில் 1941இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையும், சென்னை அடையாற்றில் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையமும் நம்மவர் அறிந்தவையே. துணைக்கு உற்றார் வேண்டி ஊருக்குச் செல்வதாயின், பயாப்ஸிக்கு முன்னரே அதனை முடிவு செய்க. இடையில் செல்ல நேரின், படங்களையும் பயாப்ஸித் தகடுகளையும் தவறாது கொண்டு செல்க. சோதனைக்குச் செல்லும் நாட்கள் வீணான நாட்கள் அல்ல. சிகிச்சை அவற்றிலேயே தொடங்கிவிடுகிறது.