மீட்புக்குத் தந்த விலக்கு ஆய்வுக்குச் செல்லாது

மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வெளிவந்ததிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பேரிடர்க் காலத்தில் ஒப்புதல் வேண்டாம் என்று சட்டமே சொல்லிவிட்ட பிறகு நெறிக்குழு எதைப் பார்க்க வேண்டும்? கேட்பவர்கள் நெறிக்குழுக்களின் உறுப்பினர் செயலாளர்கள், மாவட்டப் பேரிடர் ஆணையத்தோடு சேர்ந்து வேலை செய்யும் சமுதாய மருத்துவத் துறையினர். விவரம் தெரிந்தவர்களே இப்படிக் கேட்பதால் பதிலைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறோம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7(எச்) பிரிவு ஆட்சியருக்கும் மீட்புப் படைக்கும் மருத்துவமனைக்கும் கொடுத்த வசதி. ஆய்வாளருக்கு அதில் பங்கு கிடையாது.

பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே இது புரியும். பேரிடர் நடக்கும் நேரத்தில், ஒருவரைக் காப்பாற்றவோ அவருக்கு உதவவோ வேண்டியிருந்தால் அவரது தகவலைக் கேட்காமல் கையாளலாம். அதன் எல்லை அவ்வளவுதான். தண்ணீர் வடிந்து, காயம் ஆறி, ஆறு மாதம் கழித்து வினாத்தாளோடு வாசலில் வந்து நிற்பவருக்கு அது உதவாது. அவர் 17(2)(பி) பிரிவைக் காட்டலாம். ஆராய்ச்சி, புள்ளியியல் பணிகளுக்கு விலக்குத் தரும் பிரிவு அது. விதிகளின் இரண்டாம் அட்டவணை அதற்குச் சில தரங்களை வைக்கிறது. தேவைக்கு மேல் திரட்டாதே, தேவைக்கு மேல் வைத்திருக்காதே, பத்திரமாக வை என்பன போன்ற நியாயமான தரங்கள்தான். அவற்றை ஆய்வாளர் கடைப்பிடித்தார் என்று யார் பார்த்துச் சொல்வது என்பதில்தான் அட்டவணை மௌனம் காக்கிறது. அந்த வேலை நம்முடையது என்பதற்குத் தரவுச் சட்டத்தின் தயவு வேண்டியதில்லை. புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் 2019இன் நான்காம் அத்தியாயமும், ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலின் 12ஆம் பகுதியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு சட்டம் தந்த விலக்கு இன்னொரு விதியின் கடமையைக் கரைத்துவிடாது.

இதோடு தலையங்கத்தை முடித்திருக்கலாம். 7(எச்) பிரிவின் விளக்கக் குறிப்பு எங்களை முடிக்க விடவில்லை. பேரிடர் என்றால் என்ன என்று அது தானாகச் சொல்லாமல், 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 2(டி) பிரிவைக் கைகாட்டிவிட்டு ஒதுங்குகிறது. அந்த 2(டி) பிரிவு இப்போது பழைய பிரிவாக இல்லை. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், மனிதரால் நேரும் காரணங்கள் என்பதில் சட்டம் ஒழுங்கு சார்ந்த நிலைமைகள் சேராது என்று ஒரு விளக்கத்தைச் செருகியிருக்கிறது. (பேரிடரில் அடிபட்டவர்களின் கடனுக்குச் சலுகை தர வழிசொன்ன 13ஆம் பிரிவும் அதே திருத்தத்தில்தான் போனது. வயநாட்டுக் கடன் வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோதுதான் நம்மில் பலர் அதைக் கவனித்தோம்.) தரவுச் சட்டத்தின் 7(எச்) பிரிவோ பேரிடரோடு நிற்காமல் பொது ஒழுங்கு குலைந்த நிலைமையையும் சேர்த்துக்கொள்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து, 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவு திருப்பதி பைராகிப்பட்டடையில் நடந்ததற்குப் பொருத்திப் பாருங்கள். வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காக அங்கே பூங்காவில் அடைபட்டுக் காத்திருந்த கூட்டம், உடல்நலம் குன்றிய ஒரு பெண்ணை வெளியே விடக் கதவைத் திறந்தபோது முண்டியடித்ததாகச் செய்திகள் வந்தன. ஆறு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய நாற்பது பேர் காயம்பட்டு ரூயா, சுவிம்ஸ் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. எஸ்.பி. மாற்றப்பட்டார், டி.எஸ்.பி. பணியிடைநீக்கம் ஆனார், நீதி விசாரணைக்கு ஆணை வந்தது. மாநில அரசு அறிவித்த 25 லட்சம் ரூபாய் உதவித்தொகையைத் தேவஸ்தானம் தந்தது. மாநிலப் பேரிடர் நிதிக்கான மத்தியப் பட்டியலில் நெரிசல் என்ற இனமே இல்லை என்பதால் அந்தக் குடும்பங்கள் உரிமையாகக் கேட்டுப் பெறுவதற்கு எதுவும் இல்லை. நெரிசல் சட்டம் ஒழுங்குப் பிரச்சினைதான் என்று நாளை ஓர் அதிகாரி கோப்பில் எழுதினால் என்ன ஆகும்? நிவாரணச் சட்டத்தின்படி அது பேரிடர் இல்லை. தகவல் எடுக்கும் சட்டத்தின்படியோ அது பொது ஒழுங்கு குலைந்த நிலைமை, ஒப்புதல் கேட்கத் தேவையில்லை. கொடுக்கும் கணக்கில் பேரிடர் இல்லை, எடுக்கும் கணக்கில் மட்டும் உண்டு.

இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லிவிடவில்லை. விபத்தாலோ கவனக்குறைவாலோ நேர்ந்த பேரிழப்பும் பேரிடரே என்ற வாசகம் 2(டி) பிரிவில் இன்னும் இருக்கிறது. கூட்டத்தை மேலாள்வது பற்றித் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமே 2014இல் ஒரு கையேடு வெளியிட்டது. நெரிசல் காவல்துறையின் தலைவலி மட்டும்தான் என்றால் அந்த ஆணையம் எதற்குக் கையேடு எழுதியது? 2025 செப்டம்பரில் கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த பிறகும் நாம் விசாரணை அமைப்புகளைப் பற்றித்தான் பேசினோம். எத்தனை நிமிடத்தில் முதல் சி.பி.ஆர். நடந்தது, எத்தனை பேர் நெஞ்சழுந்தி மூச்சடைத்து இறந்தார்கள் என்ற கேள்விகளுக்குக் குற்ற விசாரணையில் இடம் குறைவு. அவற்றை நம் துறைதான் கேட்க வேண்டும். ஒழுங்காக, அனுமதி பெற்று, பிழைத்தவர்களின் சம்மதத்தோடு கேட்க வேண்டும்.

இங்கேதான் இந்த இதழ் பல ஆண்டுகளாக அரற்றிவரும் விஷயத்துக்கு வருகிறோம். நெறிக்குழுவிடம் தோற்றுப்போன ஆய்வுகளைவிட, ஆய்வே இல்லை என்று சொல்லி நெறிக்குழுப் பக்கமே வராத ஆய்வுகள்தான் இந்த நாட்டில் அதிகக் கேடு செய்திருக்கின்றன.

கம்மத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? 2009இல், அப்போது ஒன்றாக இருந்த ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். நடத்தியது பாத் என்ற அமெரிக்க அமைப்பு, கூட இருந்தது ஐ.சி.எம்.ஆர். செயல்விளக்கத் திட்டம் என்று பெயர். ஆய்வு என்று ஒப்புக்கொண்டிருந்தால் பாதக விளைவுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு, இழப்பீடு, காப்பீடு எல்லாம் வேண்டியிருந்திருக்கும். விடுதிப் பெண்களுக்காக வார்டன்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. குஜராத்தையும் சேர்த்து ஏழு சிறுமிகளின் மரணங்கள் பேசப்பட்டன. அவை தடுப்பூசியால் நேர்ந்தவை இல்லை என்று அரசு அமைத்த குழு சொன்னது. அதை நாங்கள் மறுக்கவில்லை, எங்கள் வழக்கும் அது இல்லை. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டதைத்தான் நாங்களும் கேட்கிறோம். ஒப்புதல் இப்படி வாங்கப்பட்டது எப்படி? மேற்பார்வை எங்கே போனது?

கம்மத்துக்குப் பிறகு பாடம் கற்றார்களா? கற்றார்கள், வேறு விதமாக. இப்போது செயல்விளக்கம் என்று யாரும் சொல்வதில்லை. விரைவு மதிப்பீடு, நிலவர அறிக்கை, தேவைக் கணக்கெடுப்பு, டாஷ்போர்டுக்கான தகவல் என்று சொல்கிறார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் சுவர்ணமுகி கரை மீறியது, ராயலசெருவுக் கரை கசிந்து கீழ்ப்புற ஊர்களைக் காலி செய்யவேண்டி வந்தது. அதைப் போன்ற நேரங்களில் முகாம்களில் எத்தனை படிவங்கள் நிரப்பப்படுகின்றன என்று களப்பணி செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு துறை கேட்ட அதே ஆதார் எண்ணை, அதே நோய் விவரத்தை, அதே மாதவிடாய்க் கேள்வியை மறுநாள் இன்னொரு துறை கேட்கும். அதற்கடுத்த நாள் ஒரு தொண்டு நிறுவனம் வரும். ஒரு வருடம் கழித்து அதில் ஒரு பகுதி கட்டுரையாகவோ முனைவர் பட்டமாகவோ வெளிவரும். கேட்டால் இரண்டாம்நிலைத் தரவு, அதனால் விலக்கு என்பார்கள். முதல்நிலையில் நெறிக்குழு பார்க்காத தரவு இரண்டாம்நிலையில் எப்படிப் புனிதமாகிறது? இதையே ஒரு துறைக்கு எழுதிக் கேட்டோம். கடிதம் கிடைத்தது என்ற ஒற்றை வரியோடு அந்த அத்தியாயம் முடிந்தது. நம் நெறிக்குழுக்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை டீ குடிக்கக் கூடும் கூட்டமாகத்தான் மேலிடம் நினைக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். பதிவு செய், புதுப்பி, பயிற்சிச் சான்றிதழை ஏற்று என்று எங்களை வாட்டும் அதே அதிகாரம், தான் நடத்தும் கணக்கெடுப்பை ஒரு குழுவுக்கும் காட்டுவதில்லை. 2025 திருத்தம் தேசிய, மாநிலப் பேரிடர் தரவுத்தளங்களை வேறு கொண்டுவந்திருக்கிறது. அவற்றுக்குள் யாருடைய எந்த விவரம் போகும், அதை யார் கேட்டு வாங்கலாம் என்று முடிவு செய்யும் மேசையில் நமக்கு நாற்காலி உண்டா?

தகவல் எடுப்பதில் இத்தனை சுறுசுறுப்பு. திருப்பிச் சொல்வதில் என்ன நடக்கிறது என்பதற்கும் திருப்பதியே சாட்சி. 2021 மே 10 இரவு ரூயா மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து, அரசுக் கணக்குப்படி 11 பேர் இறந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய டேங்கர் தாமதமானது என்றார்கள். ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்றது. ஆகஸ்டில்தான் ஆந்திரம் அனுப்பிய குறிப்பின் பேரில் ரூயா அவைக்கு வந்தது. நாடே பார்த்த மரணங்கள் பதிவேட்டுக்கு வர மூன்று மாதம் ஆனது.

சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் இடையிலான கோடு மங்கும் இந்தப் பாதையில் ஆப்பிரிக்கர்கள் நமக்கு முன்பே நடந்தவர்கள். 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளையுறைக் காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் தன் புதிய மருந்தான ட்ரோவனை 200 குழந்தைகளை வைத்துச் சோதித்தது. பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு ஒப்பீட்டு மருந்து. 11 குழந்தைகள் இறந்தார்கள். அதே மருத்துவமனை வளாகத்தில் எம்.எஸ்.எஃப். தொண்டு அமைப்பின் மருத்துவர்கள் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார்கள். எது சிகிச்சை, எது சோதனை என்று எங்களுக்குத் தெரியாது என்பதே பெற்றோர் தொடுத்த வழக்கு. நைஜீரியா 2007இல் தேசிய ஆராய்ச்சி நெறிமுறை ஒன்றை இயற்றியது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களை ஆராய வருபவர்களுக்குத் தாங்களே ஒரு நெறியை எழுதி வெளியிட்டார்கள். அந்நாட்டின் தரவுச் சட்டமான போப்பியா அமலுக்கு வந்தபோது, அரசு வந்து சொல்லட்டும் என்று அங்குள்ள அறிவியல் அகாதமி காத்திருக்கவில்லை. ஆராய்ச்சிக்கு அந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பதை ஆய்வாளர்களைக் கூட்டித் தானே வரையத் தொடங்கியது. எபோலா காலத்தில் அவரெஃப் என்ற ஆப்பிரிக்கத் தடுப்பூசிக் கட்டுப்பாட்டாளர் மன்றத்தின் வழியாகப் பல நாட்டு நெறிக்குழுக்களும் மருந்துக் கட்டுப்பாட்டாளர்களும் ஒரே மேசையில் தடுப்பூசி ஆய்வுகளைப் பரிசீலித்தார்கள். நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. 2004 கடல்கோளுக்குப் பின் இலங்கையின் அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் பேரிடர் ஆய்வின் அறம் பற்றி லான்செட்டில் எழுதினார்கள். ஆசிய அளவில் ஒரு பணிக்குழுவும் அதைத் தொடர்ந்தது. நாம் படித்தோம், மேற்கோள் காட்டினோம், எஸ்.ஓ.பி.யில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. பேரிடரை ஒட்டித் திரட்டப்படும் எந்தத் தரவும், திரட்டியவர் யாராக இருந்தாலும், அதை வைத்துப் பொதுமைப்படுத்தி எழுத நினைக்கும் நாளில் அது ஆராய்ச்சி. அந்த நாளுக்குமுன் நெறிக்குழுவுக்கு வராத கட்டுரையை இந்த இதழ் அச்சிடாது. அரசுத் துறையின் பெயர் முகப்பில் இருந்தாலும் அச்சிடாது. ஒப்புதல் விலக்கு கேட்பவர் 7(எச்) பிரிவைக் காட்டினால் குழு திருப்பி அனுப்ப வேண்டும். 17(2)(பி) பிரிவைக் காட்டினால் இரண்டாம் அட்டவணையின் ஒவ்வொரு தரத்துக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். முகாமில் இருப்பவர் மறுத்தால் அவருடைய நிவாரணம் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்பதை அவர் பேசும் மொழியில் சொல்ல வேண்டும். சித்தூர், நகரி, குப்பம், சத்தியவேடு பக்கம் அந்த மொழி தெலுங்காகவும் இருக்கும், தமிழாகவும் இருக்கும்.

தரவுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. பேரிடருக்கு முன்பே வரைவு நெறிமுறைகளைப் பரிசீலித்து வைக்கலாம் என்று ஐ.சி.எம்.ஆர். 12ஆம் பகுதி இடம் தருகிறது. வெள்ளம், நெரிசல், ஆக்சிஜன் தடை ஆகிய மூன்றுக்காவது ஒவ்வொரு குழுவும் ஒரு முன்வரைவை ஏற்பளித்துக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும். சுவிம்ஸ், எஸ்.வி. மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம், குப்பம் பி.இ.எஸ்., எல்லைக்கு இந்தப் பக்கம் வேலூர் ஆகிய இடங்களின் குழுக்கள் கூட்டாகப் பரிசீலிக்க ஓர் உடன்பாடு செய்துகொள்ள எந்த விதியும் தடையாக இல்லை. உங்கள் குழுவின் வரைவை எங்களுக்கு அனுப்புங்கள். ஏற்கப்பட்டதும் நிராகரிக்கப்பட்டதும் இரண்டும் வேண்டும். காரணங்களோடு அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.