கடலுக்குள் காணி, மலைக்கு அடிக்கல்

கொழும்பு காலிமுகத்திடலில் நின்று பார்த்தால், முன்பு கடல் கிடந்த இடத்தில் இப்போது 269 ஹெக்டேயர் நிலம் கிடக்கிறது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்து தொடக்கிவைத்த துறைமுக நகரம் அது. ஆட்சி மாறி, 2015இல் வேலை நின்று, ஒரு வருடத்துக்கும் மேல் முடங்கிக் கிடந்து, பிறகு தொடங்கியது. அப்படியும் 2019 ஜனவரியில் மண் நிரப்பி முடித்துவிட்டார்கள். படகுத்துறை, மாநாட்டு மண்டபம், சர்வதேச வைத்தியசாலை என்று வரைபடத்தில் காட்டியவற்றில் பெரும்பாலானவை இன்னும் எழும்பவில்லை. அந்த மண்டபங்கள் எழும்பாததில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நம்மை உறுத்துவது அந்த நிலம் உண்டான வேகம்.

மலையகத்துக் கணக்கில் நிலம் என்றால் ஏழு பேர்ச்சஸ். ஒரு தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்டத் தருவதாகச் சொல்லப்படும் அளவு அது. 269 ஹெக்டேயரை ஏழு ஏழு பேர்ச்சஸாக வெட்டினால் பதினைந்தாயிரம் குடும்பங்களுக்குப் போதும். வெறும் கடலில் இருந்து இவ்வளவு காணியை எடுக்கத் தெரிந்த அரசு, ஏற்கெனவே தன் பெயரில் இருக்கும் மலையில் இருந்து எவ்வளவு எடுத்துக் கொடுத்தது?

2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி பத்தாயிரம் வீடுகள் மேலதிகமாகத் தருவதாக அறிவித்தார். அந்த மைதானத்தில் நின்று கைதட்டியவர்கள் பலர் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். அதற்கு முந்திய நாலாயிரம் வீட்டுத் திட்டம் மெதுவாக நகர்ந்தாலும் நகர்ந்தது. இந்தப் பத்தாயிரம் நகரவில்லை. 2024 பெப்ரவரியில் அதில் 1,300 வீடுகளுக்கு அடிக்கல் விழா. 2025 ஒக்டோபர் 12இல் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முன்னிலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளுக்குப் பத்திரம் வழங்கும் விழா. அறிவிப்புக்கும் பத்திரத்துக்கும் நடுவே எட்டு வருடம். விலைவாசி ஏறியதால் ஒரு வீட்டுக்கான உதவித்தொகையை இந்தியா 28 லட்சம் ரூபாவாக உயர்த்த வேண்டி வந்தது.

காசு இல்லை என்ற பதிலை இந்த இடத்தில் ஏற்க முடியாது. துறைமுக நகரத்துக்கு வந்தது சீனக் கம்பனியின் காசு, மலையக வீட்டுக்கு வருவது இந்திய அரசின் காசு. இரண்டிலும் நம் அரசு தன் கையிலிருந்து முக்கியமாகக் கொடுக்க வேண்டியிருந்தது காணியும் சட்டமும். கொழும்பில் கொடுத்தது. 116 ஹெக்டேயரை 99 வருடக் குத்தகைக்கு விட்டது, 2021 மே மாதம் அதற்கென்றே தனி ஆணைக்குழுச் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கேயும் 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராம அபிவிருத்தி அதிகாரசபை என்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் லயத்துக் காம்பராவில் இருப்பவருக்கு, ஒரு சுவரைத் தள்ளிக் கட்டத் தோட்டத்துரையின் அனுமதி வேண்டும்.

காம்பரா என்று எழுதிவிட்டுக் கடந்து போவது எளிது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு, அதன் ஒரு மூலையைத் தகரம் அடித்து மறைத்து மகனுக்கும் மருமகளுக்கும் கொடுத்திருப்பார்கள். கூரைத் தகரம் பறக்காமல் இருக்க மேலே கல்லும் பழைய டயரும். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும் அதே இடத்தில் இரவு பாய் விரிய வேண்டும். அந்த வீட்டுக்கு இலக்கம் இல்லை, தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான் முகவரி. உறுதி இல்லாததால் அதை வைத்து வங்கியில் ஒரு சதம் கடன் கேட்க முடியாது.

2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்து, மலையகத் தமிழர் வந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தோம். ஆகஸ்ட் 12இல் நடை மாத்தளையில் முடிந்தது. அதே மாதம், அதே மாத்தளை மாவட்டத்தில், ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் அடித்து நொறுக்கினார். அது தனியார் தோட்டம்கூட இல்லை, அரச நிர்வாகத்தில் உள்ள தோட்டம்.

பெருந்தோட்டக் கம்பனிகளை நோக்கி ஒரு வார்த்தை. 1992இல் உங்களுக்குக் கிடைத்தது குத்தகை, சொந்தம் அல்ல. அது 2045இல் முடிகிறது. தேயிலைக் காணி குறைந்தால் தொழில் விழும் என்று நீங்கள் சொல்வதை, காடு மண்டிக் கிடக்கும் மலைகளை நாள்தோறும் கடந்து போகிற எமக்கு நம்ப முடியவில்லை. நம் அரசியல்வாதிகளுக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் பெரும்பாலும் மலையகத்தின் சார்பில் அமைச்சரவையில் ஒரு நாற்காலி இருந்திருக்கிறது, அடிக்கல்லில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. தொழிற்சங்கச் சந்தாவும் மாதம் தவறாமல் சம்பளத்தில் இருந்து வெட்டப்பட்டிருக்கிறது.

தாமதத்துக்கு உயிர் விலை உண்டு. கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து மலை இடிந்து விழும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் விழுந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மண் சரிந்து பெரிதாக அடிபட்டது கண்டி, பதுளை, நுவரெலியா. மழையைக் குற்றம் சொல்லலாம். சரிவான மலையடியில், வேறெங்கும் போக உரிமை இல்லாமல், மக்களை வைத்திருந்தது மழை அல்ல. அரசாலும் முடிந்தது, கம்பனியாலும் முடிந்தது, இருவரும் செய்யவில்லை. அதற்குப் பெயர் குற்றம்.

ஆகவே இன்னொரு அடிக்கல் விழாவுக்கு யாரும் மாலையோடு ஹட்டனுக்கு வர வேண்டாம். நில அளவையாளர்களை அனுப்புங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தில்லை என்று சொல்லும் மேட்டில் ஏழு பேர்ச்சஸை அளந்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதிக் கையில் கொடுங்கள். காணியை விட மறுக்கும் தோட்டத்தில் அந்தத் துண்டை மட்டும் குத்தகையில் இருந்து அரசு மீட்டெடுக்கட்டும். கம்பனி நீதிமன்றம் போனால் போகட்டும், அரசு அங்கே வந்து தொழிலாளியின் பக்கம் நிற்கட்டும்.